எந்தக் குணத்தை எடுக்கிறது, எதை விடுறது? ஷிப்ட் வேலையில இருக்கிறவனுக்கு வழி சொல்லுங்க

கொருக்குப்பேட்டை_24:

வணக்கம் மக்களே. வயசு 24. கொருக்குப்பேட்டையில ஒரு ரூம், கிச்சன் வீடு, அஞ்சு பேரு இருக்கோம். அத்திப்பட்டு புதுநகர் பக்கம் கம்பெனி வேலை. ஷிப்ட் வாரா வாரம் மாறும்: ஏ ஷிப்ட் காலை 6 டு 2, பி ஷிப்ட் 2 டு 10, சி ஷிப்ட் ராத்திரி 10 டு 6. போக வர கும்மிடிப்பூண்டி லைன் ட்ரெயின்.

நான் எப்படிப்பட்ட ஆளா இருக்கணும்னு ஒரு லிஸ்ட் எழுதி வெச்சிருக்கேன். டிசிப்ளின், பொறுமை, கான்ஃபிடன்ஸ், கோவப்படக் கூடாது, கெட்ட வார்த்தை பேசக் கூடாது, தினமும் படிக்கணும், காலைல 5 மணிக்கு எழுந்திருக்கணும், காசு சேர்க்கணும், நாலு பேர் முன்னாடி தெளிவா பேசணும், ஃபோனைக் குறைக்கணும், முடியாதுன்னு சொல்லப் பழகணும். மொத்தம் பதினொண்ணு.

இதுல எத்தனை எடுக்கலாம், எதை முதல்ல எடுக்கணும்? ஷிப்ட் மாறிக்கிட்டே இருந்தா பழக்கம் நிக்குமா? ஏரியா பசங்க "இன்னா சீன் போடற"ன்னு கலாய்ச்சா என்ன பண்றது? அப்புறம் இண்டர்வியூ போனா என் பேச்சுலயே ஏரியா தெரியுது, அதையும் மாத்தணுமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மிண்ட்_வாசகன்:

தம்பி, அந்தப் பதினொண்ணும் ஒரே ரகம் இல்ல. அதைப் பிரிக்காம ஆரம்பிச்சா பத்தாவது நாள் எல்லாமே சேர்ந்து விழும்.

முதல் வடிகட்டி இது. ரூம்ல உன் எதிர்ல உட்கார்ந்திருக்கிற ஆள் கண்ணால பார்த்து "செஞ்சான்", "செய்யல"ன்னு சொல்ல முடியுமா? டிசிப்ளின், பொறுமை, கான்ஃபிடன்ஸ் மூணுக்கும் முடியாது. அதெல்லாம் நீ ஆறு மாசம் வேற எதையோ செஞ்ச பிறகு மத்தவங்க உனக்கு வைக்கிற பேரு. மதியம் மூணு மணிக்கு உட்கார்ந்து யாரும் "கான்ஃபிடன்ஸ்" பண்ண முடியாது. மூணையும் அடிச்சிடு.

ரெண்டாவது, யாருக்காக. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல "எனக்கு", "வீட்டுக்கு", "ரீல்ஸ்"ன்னு எழுது. 5 மணிக்கு எழுந்திருக்கிறது அப்பட்டமான ரீல்ஸ். சி ஷிப்ட்ல காலைல 5 மணிக்கு நீ கம்பெனிக்குள்ள நிக்கிற. அதையும் அடி.

மூணாவதுதான் முக்கியம்: எதை முதல்ல சரி பண்ணா மத்தது லேசாகும்? பெஞ்சமின் ஃபிராங்க்ளின் இருபது வயசு வாக்குல 13 நற்குணம் எழுதி வெச்சு, வாரத்துக்கு ஒண்ணுல கவனம் வெச்சாரு. 13 வாரத்துல ஒரு சுத்து, வருஷத்துக்கு நாலு சுத்து. சின்ன நோட்டுல கட்டம் போட்டு, தவறினா கறுப்புப் புள்ளி. கட்டத்தைத்தான் எல்லாரும் காப்பி அடிக்கிறாங்க, அவர் வெச்ச வரிசையை யாரும் பார்க்கிறதில்ல. சாப்பாடு, குடி ரெண்டுலயும் அளவு, இதுதான் அவருக்கு முதல். தலை தெளிவா இருந்தாத்தான் மத்த பன்னெண்டும் ஓடும்னு கணக்கு. கடைசி வரைக்கும் அவருக்குப் படியாதது ஒழுங்கா, நேரப்படி வேலை செய்யிறது. அதனால ஒண்ணு ரெண்டு உனக்கும் படியாமப் போகலாம், பரவால்ல.

அதே கணக்கை உன் லிஸ்ட்ல போட்டா, முதல் இடத்துல வர வேண்டியது அதுல இல்லவே இல்ல. தூக்கம். வாரா வாரம் ஷிப்ட் மாறுற உடம்புக்குத் தூக்கம் அஞ்சு மணி நேரத்துக்குக் கீழ போனா கோவம், கெட்ட வார்த்தை, கை தானா ஃபோனுக்குப் போறது எல்லாம் ஏறும். சி ஷிப்ட் வாரத்துல செய்ய வேண்டியது: கடைசி டீ ராத்திரி 2 மணியோட சரி. வீடு வர்ற வழியில கறுப்புக் கண்ணாடி, ஏன்னா காலை வெயில் கண்ணுல பட்டா மூளை பகல் ஆயிடுச்சுன்னு முடிவு பண்ணிடும். வந்ததும் கொஞ்சமா சாப்பிட்டு எட்டு மணிக்குள்ள படுக்கை, கண்ணுக்குக் கறுப்புத் துணி, மெடிக்கல்ல கிடைக்கிற காது அடைப்பான். அஞ்சு பேர் இருக்கிற வீட்ல சத்தத்தை நிறுத்த முடியாது. ஃபேனை ஃபுல்ல வெச்சா அந்த இரைச்சல்ல பாதி மறையும்.

இதுக்கு மேல ஒண்ணே ஒண்ணு சேர்த்துக்கோ. படிக்கிறதுன்னா, கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிக்காத. ஷிப்ட் மாறினாலும் மாறாத சம்பவத்துல மாட்டு. உனக்கு அது ட்ரெயின். வ.உ.சி. நகர் ஸ்டேஷன் விட்டதும் புத்தகத்தைத் திற, கத்திவாக்கம் வந்ததும் மூடு. நடுவுல திருவொற்றியூர், விம்கோ நகர், ரெண்டே ஸ்டேஷன், நாலு இல்ல அஞ்சு பக்கம். குறைச்சலா இருக்கேன்னு இழுக்காத. சின்னதா இருக்கிறதாலதான் லேட்டா கிளம்பின நாளும் நடக்கும்.

பதிவு வைக்க ஆப் எல்லாம் வேணாம். வீட்ல சுவத்துல தொங்குற தினசரி காலண்டர்ல ராகு காலம் போட்ட தாளை தினமும் யாராவது கிழிக்கிறாங்கதானே? அந்தத் தாளை நீ வாங்கிக்கோ. பின்பக்கம் வெள்ளையா இருக்கும். தூக்கம் எத்தனை மணி, படிச்சது ஆமாவா இல்லையா, அவ்வளவுதான். ஒரு கிளிப்புல கோத்து வை. மாசக் கடைசியில புரட்டினா எந்த ஷிப்ட்ல அடி வாங்குறன்னு கண்ணுக்குத் தெரியும்.

வியாசை_ஸ்ட்ரைக்கர்:

மேல அண்ணன் சொன்னதுல பாதி ஓகே. கோவத்தை மட்டும் நான் எடுத்துக்கறேன்.

"கோவப்படக் கூடாது"ன்னு எழுதினியே, அது தப்பு லைனு. கூடாதுன்றதுக்கு ப்ராக்டிஸ் இல்ல. கேரம்ல ஸ்ட்ரைக்கர் குழிக்குள்ள போச்சுன்னா பசங்க இன்னா பண்றாங்கன்னு பாரு. அடுத்த ஷாட்டைக் கோவத்துல இழுத்து அடிச்சி ரெண்டாவது ஃபவுல் வாங்குவான். கோச்சு அவனாண்ட "கோவப்படாத"ன்னா சொல்றாரு? கையை போர்டுல இருந்து எடு, பவுடர் டப்பாவைத் தொடு, மூச்சு விடு, அப்புறம் ஆடு. செய்யறதுக்கு ஒண்ணு குடுக்கணும். 2024 நவம்பர்ல அமெரிக்காவுல உலகக் கோப்பை கேரம்ல மூணு தங்கம் எடுத்த காசிமா நம்ம புது வண்ணாரப்பேட்டைதான். அந்த லெவல்லயும் மிஸ் ஆவும். மிஸ் ஆன அடுத்த செகண்டு கை இன்னா பண்ணுதுன்றதுலதான் மேட்டரு.

உனக்கு ட்ரில் இப்டி. முதல் வாரம் கோவத்தை நிறுத்தாத, கவனி மட்டும். வரதுக்கு முன்னாடி உடம்பு இன்னா பண்ணுது? சிலருக்குத் தாடை இறுகும், சிலருக்குக் காது சூடாவும், சிலருக்குக் கை மடங்கும். உன்னுது எதுன்னு கண்டுபுடி. ரெண்டாவது வாரம் அந்த சிக்னல் வந்த உடனே மூச்சை நாலு எண்ணி இழு, ஆறு எண்ணி விடு, மூணு தபா. அரை நிமிஷம்தான். கை மடங்குற ஆளுன்னா உள்ளங்கையைத் தொடை மேல விரிச்சி வை. விரிச்ச கையில முஷ்டி புடிக்க முடியாது. 1973-ல நேத்தன் அஸ்ரின், நன்னுன்னு ரெண்டு உளவியல் ஆய்வாளருங்க நகம் கடிக்கறது, முகம் இழுக்கறது மாதிரி பழக்கத்துக்குக் கொண்டாந்த முறை இதான்: முதல்ல கவனி, அப்புறம் அதோட சேர்ந்து செய்யவே முடியாத வேற ஒண்ணைச் செய்.

மூணாவது வாரத்துக்கு ஒரு லைனு எழுது: "சூப்பர்வைசர் பேர் சொல்லாம ஏய்னு கூப்ட்டா, மூச்சு விட்டு, 'சொல்லுங்க சார், இன்னா பிரச்சினை'ம்பேன்." ஆளு, இடம், முதல் வார்த்தை மூணும் அதுல இருக்கணும். "யார் கத்தினாலும் அமைதியா இருப்பேன்"னு எழுதினா வேலைக்காவாது. கத்தற நேரத்துல அது ஞாபகத்துக்கே வராது.

ஒண்ணு மட்டும் கேட்டுக்க. கோவத்தை மொத்தமா தூக்கிப் போடாத. பெல்ட்டு இல்லாம மேல ஏறச் சொன்னா எகிறணும், கேஸ் வாசனை வந்தா கத்தணும். 2023 டிசம்பர்ல எண்ணூர்ல அமோனியா கசிஞ்சப்ப ராத்திரியோட ராத்திரியா ஜனம் ரோட்டுக்கு வந்து கேட்டுச்சே, அதுக்குள்ள இருந்ததும் கோவம்தான். தட்டிக் கேக்கற குணம் நம்ம ஏரியா சொத்து. வீட்ல தட்டு லேட்டா வந்ததுக்கு எகிறற பாரு, அதை மட்டும் அறு.

கலாய்க்கறதுக்கு மருந்து: எவன்கிட்டயும் சொல்லாத, ஸ்டேட்டஸ் வெக்காத. 2009-ல பீட்டர் கோல்விட்சர் கூட்டாளிங்களோட பண்ண ஆய்வு ஒண்ணு இருக்கு. "நான் இப்படி ஆவப்போறேன்"னு எழுதினதை அடுத்தவன் பார்த்துத் தலையாட்டிட்டா, எழுதினவன் அப்புறம் கம்மியாத்தான் உழைச்சான். ஆன மாதிரியே மனசு நெனைச்சிக்குது. மாட்டிக்கினா "ஆமா மச்சி, சீனுதான்"னு சொல்லிட்டுப் போய்க்கினே இரு. ரெண்டாவது வாரம் அவனுக்கே போர் அடிச்சிடும்.

பேசின்பிரிட்ஜ்_சிக்னல்:

பிறவிக் குணத்துக்கு மட்டை வெச்சுக் கட்டினாலும் தீராதுன்னு சும்மாவா சொன்னாங்க? குணம்லாம் மாறாது பாஸ். 21 நாள் செஞ்சா பழக்கம் ஆயிடும்னு நாலு பேர் கிளாஸ் எடுத்துக் காசு பார்க்கிறான், அவ்வளவுதான்.

உளவியல்_முதுகலை:

21 நாள் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. 1960-ல் ஒரு பிளாஸ்டிக் சர்ஜன், நோயாளிகள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாள் ஆகிறது என்று எழுதினார். "குறைந்தது" என்பது வழியில் எங்கோ விழுந்துவிட்டது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழு 96 பேரை 84 நாள் கவனித்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் நிலைக்கு வர ஆன காலத்தின் நடுமதிப்பு (எல்லாரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் வருவது) 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். கவனித்தது 84 நாள் மட்டுமே என்பதால், 254 என்பது நேரில் பார்த்ததல்ல, கணக்கிட்டு நீட்டிய மதிப்பு. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன, உடற்பயிற்சி தாமதமானது. ஒரு நாள் தவறியதால் பெரிய பாதிப்பு இல்லை என்பதையும் அதே ஆய்வு காட்டியது.

பிறவிக் குணம் பற்றி: இரட்டையர் ஆய்வுகளின்படி, குணத்தில் ஆட்களுக்கு இடையே காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி மரபு சார்ந்தது. மீதி இருக்கிறதே. 2019-ல் நேத்தன் ஹட்சன் குழு 377 மாணவர்களுக்கு 15 வாரம், மாற்ற விரும்பும் குணத்துக்கு ஏற்ற சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்தது. செய்து முடித்தவர்களிடம் குணத்தில் மாற்றம் தெரிந்தது. வேலையை ஏற்றுக்கொண்டு செய்யாமல் விட்டவர்களுக்கு வெறும் ஆசையால் எந்தப் பயனும் இல்லை, சில குணங்களில் எதிர்த்திசையில் நகர்ந்ததும் உண்டு. கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்க வேண்டும். பதினொன்றை ஏற்றுக்கொண்டு ஒன்பதை விடுவதைவிட, இரண்டை ஏற்று இரண்டையும் முடிப்பது மேல்.

மாற்றத்தின் அளவையும் மிகைப்படுத்திக்கொள்ள வேண்டாம். கூச்ச சுபாவம் உள்ளவர் நான்கு மாதத்தில் மேடைப் பேச்சாளர் ஆவதில்லை. கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்கும் அளவுக்கு வருவார்.

இன்னொன்று, கேள்வியில் இல்லை, படிக்கும் மற்றவர்களுக்காக. லிஸ்டில் "குடியை விடணும்" என்று எழுதுபவர் தினமும் குடிப்பவராகவும் காலையில் கை நடுங்குபவராகவும் இருந்தால், மனஉறுதியை நம்பி ஒரே நாளில் நிறுத்தக் கூடாது. இரண்டு மூன்று நாளில் வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது, அங்கே காட்டி மருந்தோடு நிறுத்த வேண்டும். அரசின் மனநல உதவி அழைப்பு டெலி மானஸ், எண் 14416, இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

தண்டையார்பேட்டை_அக்கா:

தம்பி, மிச்ச அஞ்சையும் நான் சொல்லிடறேன். இதுல எதையும் இப்பவே எடுக்காத, முதல் ரெண்டு படிஞ்ச பிறகு.

காசு சேர்க்கிறதுக்குக் குணமே தேவையில்ல. சம்பளம் ஏறின மறுநாள் தானா எடுக்கிற மாதிரி பேங்க்ல ஆர்டி (மாசா மாசம் ஒரே தொகை கட்டுற சேமிப்பு) போடு. போஸ்ட் ஆபீஸ்லயும் இருக்கு, மாசம் 100 ரூபாயில இருந்து போடலாம், 5 வருஷம். கைக்கு வந்த பிறகு எடுத்து வைக்கணும்னு நெனச்சா நடக்காது. ஒரு தடவை ஃபாரம் எழுதுற வேலை, அதோட உன் லிஸ்ட்ல ஒண்ணு குறைஞ்சிடும்.

ஃபோன்: ஒரு ரூம் வீட்ல ப்ளக் பாயிண்ட் தலகாணி பக்கம்தான் இருக்கும், அதான் பிரச்சினையே. சார்ஜரைக் கிச்சன் ப்ளக்குக்கு மாத்து, மிக்ஸி பக்கத்துல. படுத்துக்கிட்டு எட்டாத தூரம் இருந்தாப் போதும். எழுந்து போய் எடுக்கணும்னா பாதி தடவை சோம்பேறித்தனம் நம்ம பக்கம் வேலை செய்யும். அலாரத்துக்கு ஃபோன் வேணும்னு சொல்லாத, ஒரு டைம்பீஸ் வாங்கி வை.

கெட்ட வார்த்தை: கம்பெனி, தெரு, வீடு மூணு இடத்துலயும் ஒண்ணா நிறுத்த முடியாது. கூட இருக்கிற ஆளும் இடமும்தான் அந்த வார்த்தையை இழுக்குது. முதல்ல வீடு மட்டும். வாசப்படி தாண்டி செருப்பைக் கழட்டினா அது நின்னுடணும். வாய்க்கு வேற வார்த்தை ஒண்ணு ரெடியா இருக்கட்டும், "அட போப்பா" மாதிரி நீட்டமா, மூச்சு விடறாப்ல இருக்கிறது நல்லா வேலை செய்யும். சின்னப் பசங்க வீட்ல இருந்தா அவங்களையே காவலுக்கு வை. நீ தவறினா ஒரு ரூபா அவங்களுக்கு. அதுங்க விடவே விடாதுங்க.

முடியாதுன்னு சொல்றது: ஓவர்டைம், கைமாத்து, பைக் இரவல், இந்த மூணுலதான் நம்ம பசங்க மாட்டுவாங்க. காரணம் சொல்லாத. காரணம் சொன்னா அதுக்கு எதிர்ல இருக்கிறவன் வழி சொல்லுவான். "இந்த வாரம் ஆகாதுண்ணா", அவ்வளவுதான், பேச்சை மாத்து. இருபது ரூபா விஷயத்துல பழகினாத்தான் இருபதாயிரத்துல வாய் வரும்.

பேச்சை மாத்தணுமான்னு கேட்டியே. மாத்தாத, கூட ஒண்ணு சேர்த்துக்க. "இன்னாபா", "கீது", "வந்துக்கினு" இதெல்லாம் தெருவுல உன் பேச்சு, அதுக்கு வெக்கப்பட ஒண்ணுமில்ல. இண்டர்வியூவுல பிரச்சினை வர்றது ஏரியா பாஷையால கம்மி, வேகத்தால ஜாஸ்தி. வாக்கியத்தை முடிக்காம அடுத்ததுக்குத் தாவுறது, கடைசி வார்த்தையை முழுங்கறது, இந்த ரெண்டும்தான் எதிர்ல இருக்கிறவங்களுக்குப் புரியாமப் பண்ணும். ஃபோன்ல ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணு: "என் வேலை என்ன, நேத்து ஷிப்ட்ல என்ன பழுது வந்தது, எப்படிச் சரி பண்ணோம்." திருப்பிக் கேளு. முழுங்கின வார்த்தைகளை எழுது. அதையே இன்னொரு தடவை பேசு. வாரத்துக்கு மூணு நாள் போதும். வீட்ல கூச்சமா இருந்தா மொட்டை மாடி. அதுவும் இல்லன்னா கொளத்தூர்ல முதல்வர் படைப்பகம் இருக்கு, உட்கார்ந்து தயார் பண்ண இடம் கிடைக்கும், ரெக்கார்டிங்கை மட்டும் வெளிய வந்து பண்ணு.

வீட்டு வேலையில பழக்கத்தை மாட்டுறவங்களுக்கு ஒரு வார்த்தை. "தண்ணி பிடிக்கிற நேரத்துல படிக்கலாம்"னு சிலர் சொல்றாங்க. அடிபம்புல ரெண்டு கையும் வேலையில இருக்கும், கண்ணு குடத்து வாயில இருக்கும், எங்க படிக்கிறது? கடைசிக் குடத்தை இறக்கி வெச்சு மூடி போட்ட பிறகு ஒரு பத்து நிமிஷம் யாரும் உன்னைக் கூப்பிட மாட்டாங்க. அதுதான் இடம்.

கொருக்குப்பேட்டை_24:

எல்லாருக்கும் நன்றி. தூக்கம், ட்ரெயின்ல படிக்கிறது, இந்த ரெண்டை எடுக்கிறேன். கோவத்துக்கு ஒரு வாரம் கவனிக்கிறது மட்டும். ஆர்டி இந்த மாசம் போட்டுடறேன்.

ஒரு டவுட்டு. ஏ ஷிப்ட்டுக்குக் காலைல வண்டி ஏறும்போது கண்ணே திறக்காது. சி ஷிப்ட் முடிச்சு வரும்போது உட்கார்ந்ததும் தூங்கிடறேன், சில நாள் பேசின்பிரிட்ஜ் வரைக்கும் போயிடுது. அப்ப வ.உ.சி. நகர் கணக்கு எப்படி?

மிண்ட்_வாசகன்:

ஷிப்ட்டுக்கு ஒரு திசை வெச்சுக்கோ. ஏ ஷிப்ட்டுன்னா திரும்பி வர்ற மதிய வண்டி, அப்ப கணக்கைத் திருப்பிப் போடு: கத்திவாக்கத்துல திற, வ.உ.சி. நகர்ல மூடு. பி ஷிப்ட்டுன்னா போற வண்டி, ராத்திரி வரும்போது வேணாம்.

சி ஷிப்ட்ல போகும்போது மட்டும், அதுவும் உட்கார இடம் கிடைச்சாத்தான். வரும்போது படிக்காத, வண்டியில தூங்கவும் தூங்காத. அரை மணி நேரம் அங்க தூங்கிட்டா வீட்ல வந்து படுத்ததும் தூக்கம் பிடிக்காது. கதவுப் பக்கம் காத்து வர்ற இடத்துல, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உள்ள தள்ளி நில்லு. இடம் கிடைக்காத நாள் தாள்ல "இல்ல"ன்னு போடாத, "சி"ன்னு எழுதி விட்டுடு.

வியாசை_ஸ்ட்ரைக்கர்:

புத்தகம் ஒல்லியா வாங்கு. நின்னுக்கினு ஒரு கையில புடிக்க 150 பக்கத்துக்கு மேல போனா மணிக்கட்டு வலிக்கும்.